வெப்பமானி வைக்காத காலை

நுவரெலியா பெற்றோல் செட்டுக்கு எண்ணெய் ஏற்றிய பவுசர் வந்தால், டீசலின் அடர்த்தியைப் பார்ப்பது ஜீவராணியின் வேலை. அடர்த்திமானியோடு வெப்பமானியையும் வைக்க வேண்டும். குளிரில் எண்ணெய் கனக்கும். மண்ணெண்ணெய் கலந்து இலேசான டீசல்கூட நல்லதைப் போலக் காட்டும்.

அன்று கை விறைத்ததால் வெப்பமானியை எடுக்காமலே இறக்கச் சொல்லிவிட்டாள். அது ஒன்றும் தூக்க முடியாத சாமான் இல்லை.

அந்த டீசலைப் போட்ட தேயிலைக் கொழுந்து லொறி மேட்டில் நின்றுபோனது. ஓட்டியதில்தான் பிழை என்று சாரதி மூக்கனைத் தோட்டத்தில் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பிறகுதான் மிச்ச டீசலை ஒழுங்காக அளந்தாள். கலப்படம்தான்.

நேற்று மூக்கன் வந்தார்.

“டீசல் மேல பழியப் போடுன்னு கூட்டாளிங்க சொல்றாங்க தங்கச்சி. நீ பாத்து எறக்குனதாச்சே! முடியாதுன்னுட்டேன்.”

ஜீவராணி வாயைத் திறந்தாள்.

“டீ குடிக்கிறீங்களாண்ணே?” என்றுதான் வந்தது.