எட்டாவது சீட்

ஊர் ஊராக ஆளை அனுப்பி வைக்கிற தொழிலில் இருப்பவன், தான் மட்டும் ஒரு நாற்காலியையும் ஒரு சார்ஜரையும் விட்டு நகர முடியாதவனாக இருப்பான். இதே பிழைப்பில் கிடக்கும் சக பாவிகள் யாராவது இதைப் படித்தால் இப்போதே தலையாட்டியிருப்பீர்கள். மற்றவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மதுரை கே.கே. நகரில், ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் எங்கள் டிராவல்ஸ். முதலாளி முருகேசன் அண்ணன்; வேலைக்காரன் நான் ஒருத்தன். எழுமலை தாண்டிப் பேரையூர் போகிற ரோட்டில், பழைய பருத்திக் குடோன் ஒன்றில் வளர்மதி அக்கா என்பவர் ஐந்து நாள் மரவேலை வகுப்பு நடத்துகிறார். கோயம்புத்தூரில் ஒரு ஃபர்னிச்சர் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர். ஐந்தாம் நாள் சாயங்காலம் ஆளுக்கொரு முக்காலியைச் சொந்தக் கையால் செய்து எடுத்துப் போகலாம். சென்னை, பெங்களூரு, சில சமயம் சிங்கப்பூரில் இருந்துகூட வருகிறார்கள். அவர்களுக்கு டிக்கெட், வேன், ரூம், வகுப்புக்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டிய கோயில் குளம் எல்லாம் திட்டம் போட்டுக் கொடுப்பது என் வேலை. இரண்டு வருடமாகிறது.

எனக்குக் குரல் கம்மி. தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவன். அவர்கள் கதை சொல்லும்போது எதிரில் இருப்பவன் 'ஊம்' கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொட்டாவிட்டால் தாத்தா ராஜாவைக் காட்டுக்குள்ளேயே விட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார். அப்படியே ஊம் கொட்டி வளர்ந்த ஆளுக்குப் போனில் பேசுகிற வேலை. எனக்கு வரும் முதல் கேள்வியே "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்பதுதான்.

நிஜமான பட்டறை

சென்னையில் இருந்து ஒரு பேங்க் மேனேஜர் கூப்பிட்டார். அவருக்குச் சந்தேகம். "கையில உளியைக் குடுப்பீங்களா, இல்ல தூரத்துல நிக்க வச்சு போட்டோ புடிச்சு அனுப்பிருவீங்களா?" என்று கேட்டார். முதல் நாளே ரம்பம் பிடிக்கணும் சார், அப்புறம் இழைப்புளி, அப்புறம் உளி என்று நான் என் குரலில் விளக்கிக்கொண்டிருந்தேன். பாதி அவருக்குக் கேட்டிருக்காது. அந்த நேரம் பார்த்துக் கீழே டாக்டர் யாருக்கோ பல்லில் டிரில் போட ஆரம்பித்தார். ஒரு நிமிடம் கர்ரென்று ஓடியது. பின்னாலேயே "ஆ!" என்று ஓர் ஆள் அலறினான்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் மேனேஜர் குதூகலமாகச் சொன்னார்: "வேலை நடக்குற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது தம்பி, யாரோ கையில வேற போட்டுக்கிட்டாங்க போலருக்கு. நிஜமான பட்டறைதான், எனக்கும் என் ஃப்ரெண்டுக்கும் ரெண்டு சீட் போட்டுருங்க."

இரட்டைப்படை

வளர்மதி அக்காவின் வகுப்பில் எட்டு பேர்தான். ஏழு கூடாது. முதல் நாள் காலையில் ஒரு வாகைக் கட்டையை இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த ரம்பத்தால் அறுக்க வேண்டும். இந்தப் பக்கம் ஓர் ஆள், அந்தப் பக்கம் ஓர் ஆள். அறுத்த பலகையில்தான் அந்த இருவருடைய முக்காலியும். ஐந்து நாளும் ஒரே பெஞ்சு. ஒருவர் சீவும்போது மற்றவர் பிடிக்க வேண்டும். அதனால் தனியாக வருகிறவர்களுக்கு நான்தான் ஜோடி சேர்க்க வேண்டும். கல்யாணத் தரகர்கள்கூட இவ்வளவு யோசிக்க மாட்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், யாரோ ஆபீஸில் மறந்துவிட்டுப் போன பையைக் கொடுக்கக் குடோனுக்குப் போனேன். முன்பின் தெரியாத இரண்டு பேர் பேசாமல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். ரம்பம் போவதும் வருவதுமாக இருந்தது. பையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே அரைமணி நேரம் நின்றிருக்கிறேன். யாரும் பார்க்கவில்லை. திரும்பி வந்து, நானும் ஒரு தடவை வகுப்பில் சேரட்டுமா என்று முருகேசன் அண்ணனிடம் கேட்டேன். "சீட்டு காலியா இருந்தா போய்க்க மாப்ள, காசே வேணாம்" என்றார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். சீட்டு காலியாக இருந்தால் போகலாம். சீட்டைக் காலியாக விடாமல் இருப்பது என் வேலை.

ஒரு தடவை தஞ்சாவூர்க்காரர் ஒருவர் வேன் கிளம்புவதற்கு முந்தின நாள் காய்ச்சல் என்று விலகிவிட்டார். இரண்டு சட்டை, ஒரு துண்டு என்று பையே கட்டிவிட்டேன். ராத்திரி பத்தரை மணிக்குத் திருச்சியில் இருந்து ஒருவர் கூப்பிட்டு, சும்மா ஒரு பேச்சுக்குத்தான், சீட்டு இருக்கா என்றார். 'இல்லை' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? "இருக்கு சார், உடனே கெளம்புங்க" என்றது என் வாய். விஷயம் தெரிந்ததும் அண்ணன் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்: "ஒன்னைய மாதிரி ஒரு ஆளு எங்கடா கெடைப்பான்? ஒத்தச் சீட்டைக் காலியா விட மாட்டேங்குறியே!"

ஆள் மாறாட்டம்

பெங்களூருவில் இருந்து ஒரு சாஃப்ட்வேர் தம்பதி, கூட மாமியார். கணவருக்கு மரவேலை, மற்ற இருவருக்கும் மீனாட்சி கோயில், மகால், அழகர்கோயில் என்று ஐந்து நாளுக்கும் மணி போட்டு அட்டவணை கொடுத்தேன். இரண்டாம் நாள் சாயங்காலமே கணவருக்கு இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். மூன்றாம் நாள் மருந்து கொடுக்கப் போன மனைவி, கணவருடைய பெஞ்சு ஜோடி தனியாகப் பலகையோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, "நான் பிடிக்கிறேன்" என்று கை வைத்திருக்கிறார். வைத்த கையை எடுக்கவே இல்லை.

கடைசி நாள் நான் ரயிலேற்றி விடப் போனேன். முக்காலி மனைவியின் கையில் இருந்தது. கணவர் கோயில் குங்குமத்தோடு திருப்தியாக நின்றார். மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்: "மாப்ளைக்கு மகாலும் ஜிகர்தண்டாவும் ஒத்துக்கிச்சு, எம் பொண்ணுக்கு ரம்பம் ஒத்துக்கிச்சு. பிளானு நல்ல பிளானுதான் தம்பி, ஆளைத்தான் மாத்திப் போட்டுட்டீங்க."

உளி போகாத ஊர்

கொண்டுவர வேண்டியது, கொண்டுவரக் கூடாதது என்று எல்லாருக்கும் ஒரு பட்டியல் அனுப்புவேன். பருத்திச் சட்டை, மூடின செருப்பு, தலைவலித் தைலம் வரை எழுதியிருந்தேன். உளியைக் கைப்பையில் வைத்து விமானம் ஏற முடியாது என்று மட்டும் எழுதவில்லை. இதை எழுத வேண்டியிருக்கும் என்று தோன்றவில்லை.

வகுப்பு முடித்த உற்சாகத்தில் புது உளி செட் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு காலேஜ் புரொபசர் மதுரை ஏர்போர்ட்டுக்குப் போனார். இது ஆயுதமில்லை, கருவி என்று அங்கே பாடம் எடுத்திருக்கிறார். பாடம் முடிவதற்குள் விமானம் போய்விட்டது. எனக்குப் போன் செய்தார். திட்டு விழும் என்று நினைத்துத்தான் எடுத்தேன். அவர் நிதானமாகத்தான் பேசினார்: "முக்காலியை விட்டுட்டாங்க தம்பி, உளியைத்தான் விடல. அடுத்த ஃப்ளைட்டு வரைக்கும் நம்ம முக்காலியிலயே உக்காந்திருக்கேன், ஆடாம நல்லாத்தான் இருக்கு."

அட்மின்

ஒவ்வொரு கோஷ்டிக்கும் வேன் நேரம் சொல்ல நான் ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிப்பேன். வகுப்பு முடிந்தும் அது ஓயாது. ஒருவர் வீட்டு முக்காலியில் மணி பிளான்ட் இருக்கும், இன்னொருவர் வீட்டில் பூனை படுத்திருக்கும். கூட வேலை செய்த ஜோடிக்குக் கல்யாணப் பத்திரிகை அனுப்புவார்கள். எட்டு பேருக்கும் பிறந்தநாள் வாழ்த்து. இப்படி ஒன்பது குரூப். மத்தியானம் சாப்பிடும்போது எல்லாவற்றையும் வரிசையாகப் படிப்பேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்வேன். பதில் போட்டதில்லை.

ஒரே ஒரு நாள், அந்தப் பூனைப் படத்துக்குக் கீழே 'அழகா இருக்கு' என்று போட்டுவிட்டேன். அப்புறம் ஒருவர், "யாருங்க இது? நம்ம செட்ல எந்த பெஞ்சு?" என்று கேட்டார். நான் பதில் தட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் போட்டுவிட்டார்: "டிராவல்ஸ் நம்பர்னு நெனைக்கிறேன், கண்டுக்காதீங்க."

தனியாக வருகிறவர்

கிரேஸ் மேடம் தூத்துக்குடிப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். காலாண்டு லீவில் வர விரும்பினார். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஒத்தையா வர்றவங்களைச் சேப்பீங்களா?" என்பது. கோயம்புத்தூரில் இருந்து வரும் ஒரு பெண்ணோடு ஜோடி சேர்த்தேன். அதற்குப் பிறகு அடிக்கடி போன் வரும். சேலை கட்டலாமா, சுடிதாரா? மதியம் சோறுதானே? மரத்தூள் தும்மலுக்கு என்ன செய்வது?

ஒரு நாள் கேட்க ஒன்றுமே இல்லாமல் கூப்பிட்டார். அவர் ஆபீஸ் மேஜையின் டிராயர் பத்து வருடமாகச் சிக்கிக்கொண்டு பாதியிலேயே நிற்கிறதாம். ஆசாரியைக் கூப்பிடச் சொல்லி எத்தனை தலைமையாசிரியர்களிடம் கேட்டார், ஒவ்வொருவரும் என்ன சொன்னார்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். முடிக்கும்போது சொன்னார்: "நீங்க 'ஊம்' கொட்டுறதுக்காகவே இன்னும் நாலு சந்தேகம் கேக்கலாம் போலருக்கு தம்பி."

வெயிட்டிங் லிஸ்ட்

ஞாயிற்றுக்கிழமை வேன் கிளம்ப வேண்டும். வியாழக்கிழமை அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் வரவில்லை என்று சொல்லிவிட்டார். எட்டாவது ஆள் இல்லையென்றால் கிரேஸ் மேடத்தின் பயணமும் ரத்து. வெயிட்டிங் லிஸ்டில் இருந்தது ஒரே ஒருவர், சேலத்துக்காரர். இரண்டு தடவை கூப்பிட வேண்டும், எடுக்காவிட்டால் அடுத்த ஆள் என்பது ஆபீஸ் விதி. நான் எப்போதும் நாலு தடவை, ஐந்து தடவை கூப்பிடுகிறவன். அன்று சரியாக இரண்டு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன். முருகேசன் அண்ணனிடம் சொன்னதும், "என்னது, ஒன் கையில சீட்டு மிஞ்சுச்சா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆனாலும் சொன்ன வாக்கு சொன்ன வாக்குதான். போய்ட்டு வா என்றுவிட்டார்.

கிரேஸ் மேடத்துக்குப் போன் போட்டு, ஜோடி மாறியிருக்கிறது, நான்தான் வருகிறேன், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேன். கீழே டிரில். "என்ன தம்பி? கேக்கல" என்றார். மறுபடி சொன்னேன். கேட்கவில்லை. "நான்தான் மேடம் வாரேன்!" என்று கத்தினேன். டிரில் நின்றுவிட்டது. அவர் சிரித்துவிட்டு, நல்ல ஜோடியாகக் கிடைக்கணும் என்று ஜெபத்தில் கேட்டது வேஸ்டாகவில்லை, வாங்க வாங்க என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வேன் செக்கானூரணி தாண்டும்போது போன் அடித்தது. சேலத்துக்காரர். போனை ரிப்பேருக்குக் கொடுத்திருந்தாராம், இப்போதுதான் கைக்கு வந்ததாம். "சீட்டு இருக்கா தம்பி?" 'இருக்கு' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இறங்கிக்கொண்டால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம். மடியில் இரண்டு சட்டையும் துண்டும் இருந்தன. பக்கத்து சீட்டில் கிரேஸ் மேடம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "முடிஞ்சிருச்சு சார். அடுத்த கோஷ்டியில மொதல் பேரு உங்களுது" என்றேன். இரண்டு வருடத்தில் நான் சொன்ன முதல் 'இல்லை'. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பரவால்ல தம்பி, யாரோ குடுத்து வச்ச ஆளு" என்றார்.

அந்தப் பக்கம்

மறுநாள் காலை வாகைக் கட்டையின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கிரேஸ் மேடம். இரண்டு வருடமாக ரம்பத்தைப் பற்றி எத்தனை பேருக்குப் போனில் விளக்கியிருப்பேன்! பிடித்து நாலாவது இழுப்பிலேயே ரம்பம் வில்லாக வளைந்து முனகியது. மறுபடி பிடித்தோம், மறுபடி வளைந்தது. மேடம் தன் தப்பு என்றார். வளர்மதி அக்கா வந்து பார்த்தார். தப்பு என்னுடையதுதான். இழுத்த கையோடு நானே திருப்பித் தள்ளியும் கொடுத்துக்கொண்டிருந்தேன். "தள்ளாதப்பா. ஒன் வேலை இழுக்குறது மட்டும்தான், அந்தப் பக்கம் ஆளு இருக்காங்கள்ல, அவுங்க இழுத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

தள்ளாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. கையைச் சும்மா விட்டால் ரம்பம் தானாகப் போகிறது. போன ரம்பம் திரும்பி வருமா என்று ஒவ்வொரு தடவையும் அதன் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது. மறுபடி போனது, மறுபடி வந்தது. கட்டையின் பாதி தாண்டின பிறகுதான், ஒவ்வொரு இழுப்புக்கும் நான் 'ஊம்', 'ஊம்' என்று சத்தம் கொடுத்துக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. வெட்கப்பட்டு நிறுத்தினேன். ரம்பமும் தடுமாறி நின்றது. அந்தப் பக்கத்தில் இருந்து கிரேஸ் மேடம் முகத்து மரத்தூளை முழங்கையால் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நிறுத்தாதீங்க தம்பி, அதை வச்சுத்தான நான் எப்ப இழுக்கணும்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

ஒருத்தர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு முக்காலியைச் செய்ய இரண்டு ஆள் வேண்டியிருக்கிறது; செய்து முடித்ததும் அதைத் தூக்கிக்கொண்டு கே.கே. நகர் மாடிப்படி ஏறுவது என்னவோ ஒரே ஆள்தான்.