சோத்துக்கை தப்பியது

என் இடது கையில் மூன்று விரல்கள் போன பிறகு பார்க்க வந்த அத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல ஒரே பேச்சுதான் பேசினார்கள். "சோத்துக்கை தப்பிச்சிச்சே, சாமி புண்ணியம்." நானும் தலையாட்டினேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது.

நான் பிறவியிலேயே இடதுகைக்காரி. இந்தத் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கும் இது தெரியாது. சின்ன வயதில் இடது கையால் சோற்றைத் தொட்டாலும், திருநீறுக்கு அந்தக் கையை நீட்டினாலும், அம்மா கரண்டிக் காம்பால் புறங்கையில் ஒன்று போடுவாள். "நொட்டாங்கைக்காரிய எவன் கட்டுவான்?" என்பாள். அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டார்கள் அல்லவா? பள்ளிக்கூடம் போவதற்குள் ஊர் பார்வைக்கு நான் வலதுகைக்காரி ஆகிவிட்டேன். அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டால் மட்டும் கத்தி தானாக இடது கைக்குப் போய்விடும்.

இப்போதெல்லாம் கொழுந்தை மெஷின்தான் வெட்டுகிறது. செடி நிரைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவராகப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். இரண்டு கையும் பிடியில் இருக்கும்போது எவளுக்கு எந்தக் கை வாகு என்று யார் கண்டது? அன்றைக்கு மழை ஈரம். பிளேடில் ஒரு குச்சி சிக்கியது. எஞ்சினை நிறுத்தாமல் கையை விட்டுவிட்டேன். அவசரத்துக்கு முந்திக்கொண்டு போவது சொந்தக் கைதானே.

காயம் ஆறியதும் நஷ்டஈடு கணக்கிட மலை இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனேன். மலாய்க்கார டாக்டர், தங்கமான மனுஷர். விரல் போன இடங்களை அமுக்கிப் பார்த்துவிட்டு, "தாங்கான் மானா குவாட், மக்சிக்?" என்றார். எந்தக் கை வலுவான கை அம்மா என்கிறார். அறையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் முன்னால் நான் நொட்டாங்கைக்காரி என்று சொல்ல நாக்கு எழவில்லை. "கானான்" என்று வலது கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் எழுதிக்கொண்டார்.

பணம் வந்தபோதுதான் தோட்ட ஆபீஸ் கிராணி விளக்கினார். "நீங்க வேலை செய்ற கைன்னா இன்னும் கூட கெடச்சிருக்கும் அக்கா. இது சும்மா தொணைக் கைதானே, அதான் கொறைச்சல்." துணைக் கையாம். அந்தக் கைதான் நான். அப்போதுதான் அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "மறுபடி மனு போடலாம். ஆனா நீங்க அந்தக் கையால வேலை செஞ்சத பார்த்த யாராச்சும் சொல்லணும்லா" என்றார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அம்மா இல்லை. என் வீட்டுக்காரருக்குத் தெரியும், அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். லைன் வீட்டில் எனக்கு இரண்டு பக்கமும் இப்போது இருப்பவர்கள் வங்காளதேசத்து ஆட்கள். பார்த்தால் சிரிப்பார்கள், அவ்வளவுதான். தெரிந்த குடும்பங்கள் பாதி ரிங்லெட்டுக்கும் ஈப்போவுக்கும் போய்விட்டன. மீதிப் பேர், காசு வந்த செய்தி கேட்டதிலிருந்து, "ஒனக்கென்னக்கா" என்று சொல்லிவிட்டு நகர்கிறார்கள். மூன்று விரலுக்கு விலை போட்டார்கள், சரி. நான் யார் என்று தெரிந்த ஓர் ஆள்கூட மிச்சமில்லை என்பதற்கு யார் விலை போடுவது?

ஜொகூரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டேன்.

"நீங்க எடது கையாம்மா? எனக்குத் தெரியாதே."

"ஒனக்கு அந்தக் கையாலதான் பாப்பா தலை வாரிவிட்டேன்."

"நீங்க என் முதுகுக்குப் பின்னாலதானே இருந்தீங்க" என்றாள். "சரிம்மா, நான் பார்த்தேன்னு எழுதிக் குடுத்துடறேன். நம்ம காசு, ஏன் விடணும்?" என்றாள்.

"வேணாம்."

"நெசம்தானேம்மா?"

"நெசந்தான். ஆனா நீ பார்க்கலயே."

எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. வலிய வருகிற காசை வேண்டாம் என்கிறவளைப் பைத்தியக்காரி என்றுதான் ஊர் சொல்லும். ஆனால் அவள் பார்த்ததாகப் பொய்யாக எழுதிக்கொடுத்தால், அவள் பார்க்கவே இல்லை என்பது எனக்கு இன்னும் பெரிதாகத் தெரியும். அந்தக் காசை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? மனு போடவேண்டாம் என்றே முடிவு செய்தேன்.

அவள் போனை வைக்காமல் இருந்தாள். பிறகு, "இப்ப எப்படிம்மா சமைக்கிறீங்க?" என்று கேட்டாள்.

விரல் போனதிலிருந்து யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

"காய நறுக்குறதே இல்ல பாப்பா. முழுசாப் போட்டு வேக வச்சுக்கறேன்" என்றேன்.