மாவ்பி சாலைக் கடையில் எட்டு லாரிகளுக்கு வந்த நோய்

ரங்கூனிலிருந்து வடக்கே போகிற சாலையில் எந்தக் கடைச் சாராயம் மறுநாள் மண்டையைப் பிளக்கும், எந்தக் கடை மீன் குழம்பு ஆறினாலும் ருசிக்கும், எந்தக் கடைக் கட்டிலில் மூட்டைப்பூச்சி அதிகம் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. தமிழ் எழுத்தைக் கோயில் சுவரில் இருந்த உபயதாரர் பெயர்களை வாசித்து வாசித்துத்தான் பழகினேன். இன்றைக்கு அந்தச் சுவரில் என் பெயரும் இருக்கிறது. இரண்டு இடத்தில் இருக்கிறது.

பிற்காலத்தில் ஆறு லாரி வைத்திருந்தேன். ஆரம்பித்தது ஒன்றில். யாரோ கழித்துப் போட்ட ஜப்பான் லாரி, நீண்ட மூக்கு, ஒரு கதவு கயிற்றில் தொங்கும். அதைப் பிரித்துக் கழுவி மறுபடி கோத்து ஓட வைத்தவன் நான்தான். எந்த மெக்கானிக்கும் அதில் கை வைத்ததில்லை. ஆறு லாரி இருப்பவன் ஒன்று போனால் ஐந்தை வைத்துப் பிழைத்துக்கொள்வான். ஒன்று மட்டும் இருப்பவனுக்கு அது போனால் வீட்டில் அடுப்பு போச்சு. அந்த ஒற்றை லாரிக் காலத்தில் நான் பட்ட பயத்தை ஆறு லாரிக் காலத்தில் பட்டதே இல்லை.

எண்பத்தெட்டுக் கலகத்துக்குப் பிந்தைய வருஷங்கள் அவை. பொழுது சாய்ந்தால் சாலையில் ஓட முடியாது, சோதனைச் சாவடியில் கட்டையைப் போட்டு மூடிவிடுவார்கள். எங்கே இருட்டுகிறதோ அங்கே ஒரு கடை பார்த்து ஒதுங்க வேண்டியதுதான். எங்கள் எல்லாருக்கும் பிடித்தது மாவ்பி தாண்டி வயலோரம் இருந்த ஒரு மூங்கில் தட்டிக் கடை. கடைக்காரி ஒரு பர்மாக்கார விதவை. அத்தை முறைக்கு ‘அடோ’ என்று கூப்பிடுவோம். சாராயத்தைத் தேநீர்க் கெண்டியில் ஊற்றி வைப்பாள். ஊறவைத்த தேயிலையில் பூண்டும் வேர்க்கடலையும் காய்ந்த இறாலும் போட்டுப் பிசைந்து தருவாள். “மீசைக்காரரே, மீசைக்குத் தனியாக ஒரு தட்டு வைக்கட்டுமா?” என்று என்னைக் கேலி செய்யாமல் சோறு போடமாட்டாள்.

ஆனால் நாங்கள் அங்கே போனது சாப்பாட்டுக்காக மட்டும் இல்லை. அடோவுக்குக் காது நீளம். வயலுக்குப் போகிறவன், வாத்து மேய்க்கிறவன், சைக்கிளில் வெற்றிலை கொண்டுவருகிறவன், எல்லாரும் அவளிடம் சேதி சொல்லிவிட்டுத்தான் போவார்கள். நாங்கள் கேட்கிற சேதி ஒன்றே ஒன்று: வண்டி பிடிக்கிறார்களா?

வண்டி பிடிப்பது என்றால், மலைப்பக்கச் சண்டைக்குச் சாமான் ஏற்ற ராணுவத்துக்கு லாரி வேண்டும். சாலையில் நிற்கிற லாரியை டிரைவரோடு சேர்த்துக் கொண்டுபோவார்கள். மாதங்கள் கழித்து டயர் இல்லாமல் திரும்பிய லாரிகள் உண்டு. திரும்பாதவையும் உண்டு. லாரி இல்லாமல் அகப்பட்டவன் பாடு இன்னும் மோசம், மூட்டையை அவன் முதுகில் ஏற்றுவார்கள். அப்படிப் போனவர்களைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள்.

இதற்கு டிரைவர்கள் ஒரு மருந்து வைத்திருந்தோம். பிடிக்கிறார்கள் என்று சேதி வந்தால் படுப்பதற்கு முன் வண்டியை நாமே கெடுத்து வைத்துவிடுவது. ஒருவன் பின்சக்கரத்தைக் கழற்றிக் கல்லில் நிறுத்துவான். ஒருவன் பேட்டரியைக் கழற்றி அடோவின் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளிப்பான். நான் டீசல் குழாயின் நட்டைத் தளர்த்திக் காற்றை உள்ளே விட்டுவிடுவேன். அப்புறம் எத்தனை தடவை சாவியைத் திருப்பினாலும் இருமும், கிளம்பாது. கெட்ட வண்டியை யார் கொண்டுபோவார்கள்?

அன்று சாயங்காலம் நான் போய்ச் சேர்ந்தபோது என் மனைவியின் தம்பி அங்கே முன்னமே இருந்தான். அவன் அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரி. பாதி தமிழ் பேசிப் பாதி பர்மா பாஷையில் முடிப்பான். அவனும் வாடகைக்கு ஒரு லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அதன் பின்அச்சில் பல்சக்கரம் உண்மையிலேயே உடைந்து, வண்டியைத் தள்ளிக் கடை முற்றத்தில் நிறுத்தியிருந்தான். எஞ்சின் ஓடும், சக்கரம் சுற்றாது.

அடோ கெண்டியை வைத்துவிட்டுக் குனிந்து சொன்னாள்: “நாளைக்கு வருவாங்க போல இருக்கு. ஜாக்கிரதை.”

அவ்வளவுதான், ஒவ்வொருவனாக எழுந்து போனான். எவனும் எவனிடமும் கேட்கவில்லை. தான் மட்டும்தான் கெட்டிக்காரன் என்று ஒவ்வொருவனுக்கும் நினைப்பு. எனக்கும்தான்.

விடிந்தபோது முற்றத்தைப் பார்த்தேன். எட்டு லாரி நின்றன. எட்டும் கெட்டுக் கிடந்தன. ஒன்றுக்குச் சக்கரம் இல்லை, ஒன்றின் மூக்கு திறந்து கிடக்கிறது, ஒன்றின் அடியில் நான்கு கால் தெரிகிறது. ஒரே கடையில், ஒரே நாளில். இந்த முட்டாள்தனத்தை லாரிக்காரனைத் தவிர வேறு எவனும் செய்திருக்க மாட்டான். சரிசெய்ய நேரமில்லை. ஜீப் வளைவில் திரும்பிவிட்டது.

இறங்கிய அதிகாரிக்கு முப்பது வயதுகூட இருக்காது. சத்தமே போடாத ஆள். அதுதான் எனக்கு அதிகப் பயம். கத்துகிறவனைப் படிக்கத் தெரியும், மெதுவாகப் பேசுகிறவனைப் படிக்க முடியாது. பின்னால் ஏழெட்டுச் சிப்பாய்கள். அவர் முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்தார்.

“அடோ, ஒரு தேநீர். அப்புறம் உங்க கடைத் தண்ணியை டாக்டர்கிட்ட காட்டுங்க. குடிச்ச வண்டிக்கெல்லாம் நோய் வந்திருக்கு.”

சிப்பாய்கள் சிரித்தார்கள். நாங்கள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பல்லைக் காட்டினோம்.

“நான் இதைக் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வண்டி ஓடினா, நீங்க டிரைவர். ஓடலேன்னா சுமைக்காரன். வண்டிதானே கெட்டுச்சு, முதுகு கெடலையே.”

அப்புறம் நடந்ததை வேறு சமயத்தில் பார்த்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து பேட்டரி வந்தது. வைக்கோலுக்குள்ளிருந்து சக்கரம் உருண்டு வந்தது. அவசரத்தில் நட்டு கீழே விழ, அதைத் தேடி நாலு பேர் மண்ணைத் துழாவினோம். முதலில் கிளம்பியது என் வண்டி. அதைச் சொல்லாமல் விடமாட்டேன். காற்றை இறைத்து வெளியேற்றி, ஒரே திருப்பில் உறுமியது. ஒன்றன்பின் ஒன்றாக ஏழு லாரியும் புகையைக் கக்கின.

எட்டாவது எஞ்சினும் ஓடியது. வண்டிதான் ஒரு அடி நகரவில்லை.

“போஜீ,” என்றான் என் மச்சினன். அதிகாரியைக் கூப்பிடுகிற மரியாதை அது. “எனக்கு நெசமாவே உடைஞ்சிருக்கு. அச்சுக்குள்ள பல் இல்லை. வந்து பாருங்க.”

யார் நம்புவார்கள்? ஏழு பொய்யைப் பார்த்த கண்ணுக்கு எட்டாவது உண்மை எப்படித் தெரியும்? அதிகாரி காலிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். ஒரு சிப்பாய் அவன் தோளைப் பிடித்தான். வண்டி இல்லாதவர்கள் என்று அதற்குள் பிடித்து முற்றத்தில் உட்கார வைத்திருந்த ஐந்தாறு பேர் பக்கம் தள்ளினான். அதில் ஒருவர், காலையில் டிரைவர்களுக்கு அவித்த பட்டாணி விற்க வந்தவர். அவர் தட்டு இன்னும் அவர் மடியில் இருந்தது.

என் வாய் எனக்கு முன்னால் ஓடியது.

“போஜீ, அவன் என் ஆள். என் வண்டிக்கு பிரேக் கிடையாது. சக்கரத்துக்குக் கட்டை போடுறவன் அவன்தான். அவன் இல்லாம ஓட்டினா உங்க மூட்டையெல்லாம் ஆத்துலதான் இறங்கும்.”

“பிரேக் இல்லாமயா நேத்து இங்க வரைக்கும் வந்தே?”

“அவன் கட்டையிலதான் வந்தேன். அந்த உடைஞ்ச வண்டி நாலு நாளா இங்க கிடக்கு.”

அவன் நேற்றுத் தன் வண்டியில் வந்ததைச் சிப்பாய்கள் யாரும் பார்க்கவில்லை, அது எங்கள் அதிர்ஷ்டம். அதிகாரி எழுந்து என் லாரியின் கதவுக் கயிற்றை இழுத்துப் பார்த்தார். “சரி. ரங்கூன் படகுத்துறை வரைக்கும் நான் உன் பக்கத்துல உட்கார்ந்து வரேன். பார்க்கலாம்.”

என் வண்டியின் பிரேக் முதல்தரமான பிரேக். நானே போட்டது. எதிரே ஒரு நாய் குறுக்கே வந்தால் என் கால் தன்னாலே அதை மிதிக்கும், இருபது வருஷப் பழக்கம், அதை மூளை தடுக்க முடியாது. வண்டி நிற்கும். நின்றால் பொய் தெரிந்துவிடும். அப்புறம் அவனும் போவான், நானும் போவேன்.

பக்கத்து மில்லிலிருந்து அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கும்போது வண்டிக்கு அடியில் நுழைந்தேன். மச்சினனும் பின்னால் ஊர்ந்து வந்தான்.

“என்ன மச்சான் பண்றே?”

“பிரேக் குழாயைக் கழட்டுறேன்.”

“பைத்தியமா உனக்கு? கை பிரேக்கும் இல்லையே!”

கை பிரேக் அந்த லாரியைக் கட்டிய ஜப்பான்காரனோடு போய்விட்டது. “கத்தாதே மாப்ளே. கட்டையைத் தேடி எடு. நல்ல கனமான கட்டையா எடு. நீ போயிட்டா உன் அக்கா முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?”

கறுத்த எண்ணெய் மண்ணில் சொட்டியது. நான் கட்டி வளர்த்த வண்டியின் ரத்தம் மாதிரி இருந்தது.

முப்பது மூட்டை அரிசி, அதன்மேல் அந்த ஐந்தாறு பேர், இரண்டு துப்பாக்கி, பக்கத்தில் அதிகாரி, பிரேக் இல்லை. இப்படி ஒரு பாரத்தை ரங்கூனுக்குள் கொண்டுவந்த டிரைவர் பர்மாவிலேயே வேறு யாரும் இருந்தால் காட்டுங்கள். மற்ற ஆறு லாரியும் முன்னால் போய்விட்டன. கியரை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி, வண்டியை எஞ்சினாலேயே இழுத்துப் பிடித்து, நடக்கிற வேகத்துக்கு வந்ததும் ஹாரன் கொடுப்பேன். படியில் தொங்கிக்கொண்டிருந்த மச்சினன் குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்கு முன்னால் கட்டையைப் போடுவான். சக்கரம் அதன்மேல் ஏறப் பார்த்து, முனகி, நிற்கும். ஒவ்வொரு தடவையும் அவன் விரல் இன்னும் கையில் இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்ப்பேன். வேலை செய்யாத பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்தேன். என் கால் அந்தப் பழக்கத்தை விடவே இல்லை. ஒவ்வொரு மிதியும் பாதாளத்துக்குப் போயிற்று.

ரங்கூன் ஏரிக்கரை வரைக்கும் அதிகாரி என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். அதற்கப்புறம், “மெதுவா,” என்றார்.

“இதைவிட மெதுவா இதுக்குத் தெரியாது போஜீ.”

பகலில் லாரி நுழையக்கூடாத தெருக்களில் நுழைந்தோம். அவர் தொப்பியைப் பார்த்துப் போலீஸ்காரர்கள் விலகி நின்றார்கள். நகரத்து நடுவில் கியாக்டடாவுக்கு இறங்குகிற ரயில் பாலத்தின் உச்சிக்கு வந்ததும் எதிரே சூலே பகோடா பொன்னாக நின்றது. அதற்கு முன்னால் பாலத்தின் அடிவரைக்கும் பஸ், பஸ், பஸ். கும்பிடத் தோன்றவில்லை எனக்கு. இரண்டாம் கியரிலிருந்து ஒன்றுக்கு இறக்கப் பார்த்தேன். பல் கடித்தது, விழவில்லை. வண்டி கையை விட்டுவிட்டது.

ஹாரனை அழுத்திய கையை எடுக்கவில்லை. மச்சினன் குதித்தான். முதல் கட்டையைச் சக்கரம் துப்பிவிட்டது. அவன் ஓடி எடுத்து மறுபடி வந்தான். பக்கத்திலிருந்த அதிகாரி முன்பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏதோ மந்திரம் சொன்னார். முன்னாலிருந்த பஸ்ஸின் பின்படியில் தொங்கிய ஒரு பெண், சந்தனக் குழம்பு பூசிய முகம், என்னையே பார்த்தாள். கியர் விழுந்தது. எஞ்சின் அலறியது. பின்னால் ரப்பர் கருகுகிற நாற்றம். கட்டையோடு சேர்ந்து வழுக்கி வழுக்கி, அந்தப் பெண் கையை நீட்டினால் என் வண்டியின் மூக்கைத் தொடலாம் என்கிற இடத்தில் வண்டி நின்றது.

அதிகாரியின் தொப்பி காலடியில் கிடந்தது. அவர் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

படகுத்துறையில் மூட்டையை இறக்கினார்கள். ஆட்களையும் இறக்கினார்கள். அதிகாரி வண்டியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். “இந்தப் பாடைவண்டியை என் கண்ணுல படாம எடுத்துட்டுப் போ. கட்டைக்காரனையும் கூட்டிட்டுப் போ,” என்றார். மச்சினன் கட்டையை மார்போடு அணைத்தபடி என் பக்கத்தில் வந்து நின்றான்.

படகுக்கு நடந்துபோகிற வரிசையிலிருந்து பட்டாணிக்காரர் திரும்பிப் பார்த்தார். காலித் தட்டு கக்கத்தில் இருந்தது.

“கோஜீ,” என்று அண்ணன் முறை வைத்து என்னைக் கூப்பிட்டார். “உங்க வண்டிக்கு இன்னொரு கட்டைக்காரன் வேணாமா?”

நான் அதிகாரி பக்கம் திரும்பினேன். “ரெண்டு பக்கமும் சக்கரம் இருக்கு போஜீ. ரெண்டு ஆள் இருந்தா நல்லது.”

“வர்ற வழியில அந்த ரெண்டாவது ஆள் எங்க இருந்தான்?” என்றார் அவர், அதே மெதுவான குரலில். “மூட்டை மேலதானே?”

பட்டாணிக்காரரோடு வரிசை நகர்ந்தது. படகில் ஏறுகிற பலகை அவர்கள் நடையில் ஆடியது.

திரும்பும்போது வண்டி காலி. ஏறி உட்கார் என்று மச்சினனிடம் எவ்வளவோ சொன்னேன். ஏறவில்லை. பின்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே, கட்டையைக் கீழே வைக்காமல், எங்கள் தெரு வரைக்கும் நடந்தே வந்தான். நானும் அவன் நடைக்கு வண்டியை விட்டேன். வாசலில் என் மனைவி ஓடிவந்து அவன் கையிலிருந்து அதை வாங்கப் பார்த்தாள். விரல்கள் விடவில்லை. அவளைப் பார்த்து, “அக்கா, கையை என்னால திறக்க முடியலை,” என்று பர்மா பாஷையில் சொன்னான். அவள் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றி, ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள்.