சாமியாத்தாளின் நிறம்

சாமியாத்தாள் தன் கல்யாண ஆல்பத்தை இருபத்தெட்டு வருஷமாக பீரோவின் அடித்தட்டில், போர்வைகளுக்குக் கீழே வைத்திருந்தாள். கல்யாணத்தன்று அவள் கறுத்த முகத்தில் ரோஸ் பவுடரை அப்பி விட்டிருந்தார்கள். ஃபிளாஷ் வெளிச்சத்தில் முகம் சாம்பல், கழுத்து கறுப்பு. தலை ஒருத்தியுது, உடம்பு வேறொருத்தியுது என்று மாமியார் வீட்டில் சொல்லிச் சிரித்தார்கள். அவளும் கூடவே சிரித்தாள். பிறகு ஆல்பத்தை யாருக்கும் காட்டவில்லை.

அந்தச் சாம்பல் எப்படி வருகிறது என்று மகள் புவனாவுக்குத் தெரியும். அவளுக்குத் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் ஷேடு பார்க்கும் வேலை. அடர்ந்த நிறத்தின் மேல் வெள்ளையைப் பூசினால் வெளுப்பு வராது. நீலம் தட்டிய சாம்பல்தான் வரும். துணிக்கும் அதுதான், தோலுக்கும் அதுதான்.

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே அவர்களுக்கு ஏழு ஏக்கர் தென்னந்தோப்பு. கொப்பரைக் களம் சாமியாத்தாளின் பொறுப்பு. தேங்காயை உடைத்து வெயிலில் பரப்புவதும், புரட்டுவதும், மழை வாடை அடித்தால் ஓடிப்போய் வாருவதும் அவள்தான். புவனா பிறந்த பிறகு இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. வருஷா வருஷம் வெயில் அதைக் கறுக்க வைத்தது. எலுமிச்சைச் சாறு தேய்த்தாள், எரிந்தது. கடலைமாவைப் போட்டு அழுத்தித் தேய்த்தாள், இன்னும் கறுத்தது.

தேய்க்கத் தேய்க்க மங்கு கூடத்தான் செய்யும் என்று புவனா சொன்னாள். சன்ஸ்கிரீன் வாங்கி வந்தாள். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகம், கழுத்து இரண்டுக்கும் போட வேண்டும், களத்தில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும், துண்டை நெற்றிக்கு முன்னால் இழுத்துக் கட்ட வேண்டும். ஆறு மாதத்தில் மட்டுப்படும், முழுக்கப் போகாது. உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"ஆறு மாசமா? சீருக்கு ஆறு வாரந்தான் இருக்குது கண்ணு" என்றாள் சாமியாத்தாள்.

எழுதிங்கள் சீர். கட்டிக் கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் வந்து செய்யும் சடங்கு. அது முடிந்தவள்தான் மற்ற கல்யாணங்களில் சீர் செய்யத் தகுந்தவள். சாமியாத்தாளுக்கு அது ஏதேதோ காரணத்தால் தள்ளிக்கொண்டே போயிருந்தது. பங்குனியில் புவனாவுக்குக் கல்யாணம் என்று முடிவான பின் இனித் தள்ள முடியாது. தை மாதம் நாள் குறித்தார்கள். கூறைச்சேலையில் அரை நாள் உட்கார வேண்டும். போட்டோ, வீடியோ எல்லாம் உண்டு.

யாரோ கோகிலவாணியைச் சொன்னார்கள். டவுனில் பார்லர் வைத்திருப்பவள். லேபிள் இல்லாத வெள்ளை டப்பாவில் ஒரு க்ரீம் கொடுத்தாள். ராத்திரி மட்டும் போடச் சொன்னாள். மூன்றே வாரத்தில் மங்கு மறைந்தது. ஐந்தாவது வாரம் முகமே ஒரு சுற்று பெருத்தது. கண்ணுக்குக் கீழே மேடு தட்டியது, வளையல் இறுகியது. சீருக்கு வந்த சனமெல்லாம் ஒன்றையே சொன்னது: பிறந்த வீட்டுச் சீர் வந்த பூரிப்பு, ஆள் பூசினாற்போல் ஆகிவிட்டாள். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணை இதற்கு மேல் பாராட்ட முடியாது. புவனாவும் சொன்னாள்.

அது நீர். சிறுநீரகம் கெட்டுப் புரதம் வெளியேற, உடம்பில் தேங்கிய நீர். சீர் முடிந்த வாரமே கால் செருப்புக்குள் நுழையவில்லை. ஆஸ்பத்திரியில் உப்பைக் குறைத்தார்கள், மாத்திரையை மாற்றினார்கள். இருபத்தாறாம் நாள் ஒரு டாக்டர், முகத்துக்கு ஏதாவது க்ரீம் போடுவார்களா என்று கேட்டார். இருபத்தெட்டாம் நாள் நுரையீரலில் ரத்தம் கட்டி சாமியாத்தாள் இறந்தாள். வயது நாற்பத்தொன்பது. கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போனது.

புவனா அழுவதைத் தள்ளி வைத்தாள். துணியில் உலோகம் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக் கூடத்துக்கு டப்பாவை அனுப்பினாள். ஒரு கிலோவில் ஒரு மில்லிகிராம் பாதரசத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பதினோராயிரத்துச் சொச்சம் இருந்ததாக முடிவுத் தாள் வந்தது. புகார் கொடுக்கப் போன இடத்தில் பில் கேட்டார்கள். டப்பாவில் பேர்கூட இல்லையே என்றார்கள். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கோகிலவாணியை ஒழிக்க வேண்டும். அது ஒன்றுதான் மனதில் இருந்தது.

கோகிலா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தன் வாடிக்கைக்காரிகளின் பழைய முகத்தையும் புது முகத்தையும் ஒட்டிப் போடுவாள். பேரும் ஊரும்கூட இருக்கும். ஞாயிறு தோறும் புவனா அந்த ஊர்களுக்கு பஸ் ஏறினாள். அம்மாவின் கதையைச் சொன்னாள், தாளைக் காட்டினாள், சிறுநீரில் புரதம் பார்க்கச் சொன்னாள். நம்பாதவளை வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய்த் தாடை எலும்பின் மேல் மூன்று ஃபவுண்டேஷனைக் கோடு கோடாக இழுத்துக் காட்டினாள். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் உன் நிறம், கையில் போட்டுப் பார்க்காதே, குழல் விளக்கில் வாங்காதே. கறுத்த தோலில் கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையத்துக்கு வெள்ளை வேண்டாம், முதலில் ஆரஞ்சு தொட்டு அதன்மேல் உன் நிறம். பரு இருந்தால் எண்ணெய்ப் பசையுள்ளதைத் தொடாதே. பெண்கள் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இரண்டு மாதத்தில் பதினோரு மணப்பெண்கள் கோகிலாவை விட்டுப் போனார்கள். ஒவ்வொருத்தி போகும்போதும் புவனாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கியது.

மிச்சத்தை ஒரேயடியாக முடிக்க, கூட்டமுள்ள முகூர்த்த வாரத்தில் பார்லருக்கே போனாள். தாளை எல்லோர் முன்னும் படிப்பதாக உத்தேசம். ஐந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி, "அக்கா இப்பத்தானுங்க பூசினாப்புல நல்லா இருக்கறீங்க" என்று கோகிலாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

புவனா பார்த்தாள். மேக்கப்புக்கு அடியில் இமை தடித்திருந்தது. செருப்பு வார் பாதத்தில் பள்ளமாகப் பதிந்திருந்தது. விற்பதை இவளும் போட்டுக்கொண்டிருந்தாள்.

தாளைப் படிக்காமல் திரும்பி வந்தாள்.

பார்த்ததை மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. வேலை செய்தாள், சாப்பிட்டாள். அம்மாவுக்கு ஆன அதே நாட்களைக் கோகிலாவுக்கும் எண்ணினாள். எண்ணுவது சுகமாக இருந்தது. நான்காம் நாள் காலை, லேபில் ஒரு நீல ஷேடைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கணக்கு பிசகுவது புரிந்தது. கோகிலா செத்துப்போனால் ஊர் அழும். மகராசி, எத்தனை பெண்களை அழகாக்கினாள் என்பார்கள். க்ரீம் வேறொருத்தி கைக்குப் போகும். செத்தவளை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இவள் உயிரோடு இருந்து, கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

லீவு போட்டுவிட்டு உடுமலைக்குப் போனாள். அன்றும் பார்லரில் நான்கு பேர் இருந்தார்கள்.

"நான் சாமியாத்தாளோட புள்ளைங்க" என்றாள். கோகிலாவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, அவள் முழங்காலுக்குக் கீழே கட்டை விரலை அழுத்தி எடுத்தாள். குழி விழுந்தது. ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினாள். இருபது வரைக்கும் குழி நிரம்பவில்லை. நான்கு பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். எங்கள் அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்தது, இது உங்கள் க்ரீமில் இருக்கும் பாதரசம், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லித் தாளைப் படித்தாள்.

கோகிலா பாவாடையை இழுத்து விட்டுக்கொண்டாள். "என்ற மூஞ்சிக்குப் போட்டுப் பார்த்துப்போட்டுத்தான் அம்மணி மத்தவங்களுக்குக் குடுத்தேன்" என்றாள். பொய் இல்லை. அது புவனாவை இன்னும் கோபப்படுத்தியது.

காரணம் தெரியாமல் என் அம்மாவை இருபத்தாறு நாள் வைத்திருந்தார்கள், டாக்டர் உடனே நம்ப வேண்டுமென்றால் இந்தத் தாள் வேண்டும் என்றாள். கோகிலா கை நீட்டினாள். புவனா கொடுக்கவில்லை.

"க்ரீம் வாங்குனவங்க அத்தன பேருக்கும் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல. முடிச்சுப்போட்டு வாங்கிக்குங்க."

மத்தியானம் வரை நடந்தது. ஒருத்தி திட்டினாள். ஒருத்தியின் மாமியார் போனைப் பிடுங்கி, குடும்பத்தையே இழுத்துப் பேசினாள். ஒருத்தி அழுதாள். புவனா நாற்காலியை நகர்த்தாமல் எதிரில் உட்கார்ந்திருந்தாள். கோகிலாவின் மை கரைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ள ஒருவரும் துணி எடுத்துக் கொடுக்கவில்லை.

கடைசிப் பெண் சென்னிமலைக்காரி. அவள் திட்டவில்லை. "எனக்குப் பத்து நாள்ல கல்யாணமுங்கக்கா. இப்ப நிறுத்தினா மூஞ்சி கறுத்துப் போகாதுங்களா?"

கோகிலா புவனாவைப் பார்த்தாள்.

"கறுக்கும்னு சொல்லுங்க" என்றாள் புவனா.

பதினாறு வருஷமாக எந்தப் பெண்ணிடமும் கோகிலா சொல்லாத சொல். போனுக்குள் அந்தப் பெண், அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"கறுக்கும் கண்ணு" என்றாள் கோகிலா.

"கறுத்தாப் பரவாயில்லைன்னு சொல்லுங்க."

சொன்னாள். புவனா தாளை நீட்டினாள்.