தொழில் என்ற கட்டம்

அண்ணன் வெளிநாடு போவதற்கான விண்ணப்பத்தை நிரப்பியது நான்தான். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டாமல் வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். ரேஷன் கார்டு, வங்கிப் பாரம், ஆதார் திருத்தம் என்று எதுவாக இருந்தாலும் தெருவே என்னிடம் வரும். ஆனைக்குட்டத்துக்குப் பக்கத்திலிருந்து சிவகாசிக்கு தினமும் பஸ்ஸில் போய், ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன்.

அண்ணன் ஒன்பது வருடம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் இருந்தவன். கம்பெனிக்கு சீல் வைத்த பிறகு மூன்று மாதம் வேலை இல்லை. மதுரையில் ஓர் ஏஜென்ட், குளிர் நாடு ஒன்றில் ராணுவக் கிடங்கில் மூட்டை அடுக்கும் வேலை இருக்கிறது, துப்பாக்கியைத் தொடவே வேண்டாம் என்றார். அந்த நாட்டின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அண்ணன் இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

விண்ணப்பத்தில் தொழில், அனுபவம் என்று ஒரு கட்டம் இருந்தது. கூலி என்று எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. வெடிமருந்து கையாளுவதில் ஒன்பது வருட அனுபவம் என்று ஆங்கிலத்தில் எழுதி, அண்ணனுக்கு அர்த்தத்தையும் சொன்னேன். "நான் இம்புட்டுப் பெரிய ஆளாலே?" என்று சிரித்தான்.

போன இரண்டாவது மாதம் அவனைச் சண்டை நடக்கும் இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மூட்டை அடுக்க அல்ல. குண்டுகள் வைத்திருக்கும் கொட்டகைக்கு.

அங்கே போன் வைத்திருக்கக் கூடாது. யாரோ ஒளித்து வைத்திருந்த போனிலிருந்து வாட்ஸ்அப்பில் பேசிப் பதிவு செய்து அனுப்புவான். பெரும்பாலும் காலை பதினோரு மணி வாக்கில் வரும். நான் அச்சகத்தின் பின்னால் இருக்கும் காகிதக் கிடங்கில் போய் நின்று கேட்பேன்.

முதல் தடவை சிரித்துக்கொண்டுதான் பேசினான். எங்கள் ஊரில் மருந்து அறைக்குள் யாரும் செருப்போடு நுழைவதில்லை. வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் கையை வைத்து, உடம்பில் இருக்கும் கரண்டை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு பொறி போதும். அந்தப் பழக்கத்தில் அண்ணன், கொட்டகை வாசலில் பனியில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, கதவுப் பக்கம் தகட்டைத் தடவித் தேடியிருக்கிறான். அதிகாரி உட்பட எல்லோரும் சிரித்தார்களாம். "இங்கன வந்து நான் கேட்ட மொதச் சிரிப்பு அதான்லே," என்றான். இரண்டாவது சிரிப்பைப் பற்றி அவன் சொல்லவே இல்லை.

அதற்குப் பிறகு வந்தவை வேறு மாதிரி இருந்தன. அவனோடு இருப்பவர்கள் அந்த நாட்டுக்காரர்களேதான், பாதிப்பேர் விருப்பமில்லாமல் பிடித்து வரப்பட்டவர்கள். அதில் ஒருவர் பஸ் டிரைவர், எங்கள் சித்தப்பா வயது. லீவில் ஊருக்குப் போனபோது ராணுவ உடுப்போடு பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டாம் என்று அவர் மனைவியே சொல்லிவிட்டாராம். இன்னொருவன், விரல் மரத்து அழுகினால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள் என்று வேண்டுமென்றே ஈரக் காலுறையோடு படுக்கிறான். லாரியில் டீசலை இறக்கிவிட்டு, வண்டி கிளம்பவில்லை என்று சொல்கிறார்கள். காலையில் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டு, இருக்கிறவனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்கள். இந்தச் சண்டை எதற்கு என்று போனில் மொழிபெயர்த்து அண்ணன் ஒருதரம் கேட்டிருக்கிறான். பஸ் டிரைவர் போனை வாங்கிப் படித்துவிட்டு, உங்கள் ஊரில் பஸ் டிரைவருக்கு என்ன சம்பளம் என்று அடித்துக் கொடுத்தாராம்.

நான் அதிகம் பயந்தது இதைக் கேட்டுத்தான்: "நம்மூர்ல ஒரு சத்தம் கேட்டா அம்புட்டுப் பேரும் ஓடி வருவாக. எந்தக் கம்பெனி, எந்த ரூம்புன்னு கேட்டு அழுவாக. இங்கன சத்தம் கேட்டா ஒருத்தனும் தலையத் தூக்க மாட்டேங்கான். செத்தது யாருன்னுகூடக் கேக்க மாட்டேங்கான்லே."

அன்று பிழை பார்த்த பக்கத்தில் ஒரு மாதத்துக்கு முப்பத்திரண்டாம் தேதி போட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. மெஷின்காரர்தான் பிடித்தார்.

கடைசியில் கேட்டுவிட்டேன். நான் எழுதிய அந்த வரியால்தான் உன்னைக் கொட்டகையில் போட்டார்களா அண்ணே என்று பேசி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "பாரத்த எவன்லே படிச்சான்? நான் செருப்பக் கழட்டினேன்ல, அதப் பாத்துத்தான் இவனுக்கு வேல தெரியும்னு புடிச்சுக்கிட்டாங்க. நீ ஒண்ணும் நினைக்காத." என்னைத் தேற்றத்தான் சொல்கிறானோ என்று தோன்றியது.

அடுத்து வந்தது கடைசிச் செய்தி. மறுநாள் சண்டையின் முன்வரிசைக்குக் கொண்டுபோக வண்டி வரும், ஏறுவதில்லை என்று பத்துப் பேர் பேசி வைத்திருக்கிறார்கள், தானும் சரி என்று சொல்லிவிட்டதாகச் சொன்னான். ஏறாதவர்களை என்ன செய்வார்கள் என்று சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லாதே என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு நான் அனுப்பிய எல்லாவற்றிலும், போய்ச் சேரவில்லை என்று காட்டும் ஒற்றை டிக்தான். இருபத்து மூன்று நாள்.

ஒரு திங்கள்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு விருதுநகர் கலெக்டர் அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போனேன். வாசலில் போலீஸார், மண்ணெண்ணெய் கொண்டு வந்திருக்கிறோமா என்று பையைத் துழாவினார்கள். உள்ளே குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும் அறையின் கதவருகே போனதும் அம்மா செருப்பைக் கழற்றினாள். அவளும் இருபது வருடம் பட்டாசுக் கம்பெனியில் திரி வைத்தவள். வலது கை தானாகக் கதவுச் சட்டத்துக்குப் போய், ஒரு நொடி எதையோ தடவி, இறங்கியது. செருப்போடு போகலாம்மா என்றார் காவலர்.

செருப்பைக் கழற்றியதால்தான் பிடித்தார்கள் என்று அண்ணன் சொன்னது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று அப்போது நம்பினேன். அந்த நம்பிக்கை, மனுவோடு சேர்த்து நிரப்பச் சொன்ன படிவத்தைக் கையில் வாங்கும் வரைதான் இருந்தது. அதிலும் தொழில் என்று ஒரு கட்டம். இந்தத் தாள் எந்தெந்த மேசைக்குப் போகும், கடைசியில் அந்த நாட்டு அதிகாரி எவன் கையிலாவது கிடைக்குமா, இதையும் ஒருவன் படிப்பானா என்று நினைத்ததும் பேனா நின்றுவிட்டது.

"என்னய்யா, எழுது. பட்டாசுத் தொழிலாளின்னு எழுது," என்றாள் அம்மா.

அங்கே பெஞ்சில் உட்கார்ந்தே அவளிடம் சொன்னேன். முதல் விண்ணப்பத்தில் எழுதியதை, செருப்புக் கதையை, வண்டியில் ஏற மாட்டோம் என்று அவர்கள் பேசி வைத்ததை, எல்லாவற்றையும். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. என் கையிலிருந்த தாளைக் குனிந்து பார்த்தாள். அவளுக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது.

"எது அந்த எடம்?"

விரலை வைத்துக் காட்டினேன்.

"கூலின்னு போடுய்யா," என்றாள். "அதுக்கு மேல ஒண்ணும் எழுதாத."

போட்டேன். எங்கள் வரிசையை உள்ளே கூப்பிட்டார்கள். எழும்போது அம்மா என் சட்டைப் பையைத் தொட்டு, போன் சத்தமாக இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன்.