நீலம் விட்டுப்போன பாதி

அவள் சிற்பி என்பது அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. பல்லுக்காரம்மா வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டுவிடும். பத்தொன்பது வருடமாக, செயற்கைப் பல் செய்யும் ஒரு கூடத்தில் அவளுக்கு வேலை. டாக்டர்கள் வாய் அச்சுகளை அனுப்புவார்கள். அவற்றில் பிளாஸ்டர் ஊற்றி, முன்பின் பார்த்திராத மனிதர்களின் ஈறும் பல்லுமாக எடுத்து வரிசையாக அடுக்குவாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, வாங்கிய டீ பாதியில் ஆறிக் கிடக்க, அண்ணன் வீட்டுக் கார் ஷெட்டுக்குள் புகுந்துவிடுவாள். காரை விற்றபிறகு ஷெட் அவளுடையதாகிவிட்டது.

சிற்பக் கல்லூரியில் படித்து முடித்த கையோடு உலகமே தன்னைத் தேடி வரும் என்றுதான் அவளும் நினைத்தாள். வந்தது பல் கூடத்து வேலை. நடுநடுவே நாலைந்து கண்காட்சிகள். ஒன்றில், அவள் செய்த இரும்புப் பறவையின் கழுத்தில் யாரோ நனைந்த குடையை மாட்டிவிட்டுப் போயிருந்தார். "பரவால்லையே, உபயோகமா ஒண்ணு செஞ்சிருக்கியே" என்று அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வருடம் ஓட்டினார்.

நாற்பத்து மூன்றாவது வயதில் அது நடந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் புதிதாகக் கட்டும் காத்திருப்புக் கூடத்துக்குச் சிலை கேட்டிருந்தார்கள். உள்ளங்கை அளவுக்கு ஒரு மாதிரி செய்து அனுப்பினாள். எடுத்துக்கொண்டார்கள். ஆள் உயரத்துக்குச் செய்துகொடுக்க வேண்டும், பிறகு அதை வெண்கலத்தில் வார்ப்பார்கள்.

அந்த உருவம் அவள் கற்பனையில் பிறந்ததில்லை. இரண்டு வருடம் முன்பு அண்ணிக்கு இதயத்தில் ஆபரேஷன் நடந்தது. ஏழு மணி நேரம். உள்ளே கொண்டுபோகும் முன் நர்ஸ் அண்ணியின் செருப்பைக் கழற்றி ஒரு துணிப்பையில் போட்டு அண்ணனிடம் கொடுத்தார். பெஞ்சின் விளிம்பில், பையை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கதவுப் பக்கம் காதைத் திருப்பியபடி அண்ணன் உட்கார்ந்திருந்தார். எதிர்ப் பெஞ்சில் இருந்த அவள் வேறெதையும் பார்க்கவில்லை. களிமண்ணில் கை வைத்ததும் அந்த முதுகுதான் முதலில் வந்தது.

முகத்துக்கு மட்டும் அண்ணன் வந்து உட்கார்ந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எங்காவது ஒரு லிஃப்ட் நின்றுவிட்டதென்று போன் வரும்.

"வயித்தைக் கொஞ்சம் உள்ள தள்ளிடு. ஊரே பாக்கப்போகுது."

"உங்க வயிறு மண்ணுல செஞ்சாலும் உள்ள போகாதுங்க" என்பாள் அண்ணி, ஷெட் வாசலிலிருந்தே. தூசு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவள் உள்ளே வருவதில்லை. களிமண் உருவமும் காயாமலிருக்க எப்போதும் ஈரத்துணி போர்த்தியே இருக்கும். எனவே அண்ணி அதைப் பார்த்ததே இல்லை.

களிமண் நிலைக்காது. அதன்மேல் பிளாஸ்டர் பூசி, முன்பாதி பின்பாதி என்று இரண்டு துண்டாக அச்சு எடுக்க வேண்டும். அச்சு இறுகியதும் களிமண்ணைத் தோண்டி வெளியே எடுத்துவிட்டு, உட்புறம் சோப்புக் கரைசல் தடவி, இரண்டு பாதியையும் சேர்த்துக் கட்டி, உள்ளே புது பிளாஸ்டர் ஊற்ற வேண்டும். அப்புறம் அச்சை உளியால் உடைத்து எறிந்தால் உள்ளே உருவம் நிற்கும். அச்சும் வெள்ளை, உருவமும் வெள்ளை. அதனால் அச்சின் முதல் பூச்சில் மட்டும் துணிக்குப் போடும் நீலத்தைக் கலந்துவிடுவார்கள். உடைத்துக்கொண்டே வரும்போது நீலம் தெரிந்தால் கையை அடக்கு என்று அர்த்தம்.

வியாழக்கிழமை ஊற்றினாள். வெள்ளிக்கிழமை முதுகுப்பக்கம் உடைக்க ஆரம்பித்தாள். வெள்ளை பெயர்ந்தது, நீலம் தெரிந்தது, நீலத்தை மெல்ல நெம்பியதும் அந்தக் கூனல் முதுகு அப்படியே வந்தது. சந்தோஷத்தில் பாட்டுக்கூட முணுமுணுத்தாள். முன்பக்கம் திரும்பி, தலையருகே உளியை வைத்தாள். வெள்ளை. இன்னும் வெள்ளை. மரக் கொட்டாப்புளியால் உளியின் தலையில் இன்னொரு தட்டு. பெரிய சில்லு ஒன்று பெயர்ந்து கையில் விழுந்தது. திருப்பிப் பார்த்தாள். அதன் உட்பக்கத்தில் ஒரு காது ஒட்டிக்கொண்டிருந்தது.

பின்பாதி அச்சு, ஞாயிற்றுக்கிழமை நிதானமாக எடுத்தது. முன்பாதி, வேலை முடித்து வந்த களைப்பில் எடுத்தது. பல் கூடத்தில் பிளாஸ்டரில் ஒரு பொட்டு நிறம் விழுந்தாலும் குப்பைக்குத்தான் போகும். பத்தொன்பது வருடம் பழகிய கை, சுத்த வெள்ளையாகக் கலந்து பூசிவிட்டது. தோண்டும்போது உட்புறமெல்லாம் களிமண் கறை ஏறியிருந்ததால் கண்ணும் ஏமாந்துவிட்டது. முகம், கைகள், பை எல்லாமே அந்த முன்பாதியில்தான் இருந்தன.

அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? கையில என்ன, சிப்பியா?"

"உன் காதுண்ணா."

"அதான் இன்னொண்ணு இருக்கே" என்றவர் அவள் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கினார். "மறுபடி மண்ணுல செஞ்சுக்க முடியாதா?"

"மண்ணைத் தோண்டி வாளில போட்டாச்சுண்ணா. இருக்கிறது இது ஒண்ணுதான். எங்க அச்சு முடியுது, எங்க மூக்கு ஆரம்பிக்குதுன்னே தெரியாது. அடுத்த சனிக்கிழமை வார்ப்புக்காரங்க வேன் வந்துடும்."

அண்ணன் சுற்றி வந்து பார்த்தார். "உள்ள ஆள் மாட்டிக்கிட்டாரு, கதவு திறக்கலை. எங்க தொழில்ல தினமும் நடக்கிறதுதான்."

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"முதல்ல உள்ள இருக்கிறவருக்குத் தைரியம் சொல்லுவோம்." பிளாஸ்டர் மேல் விரலால் இரண்டு தட்டுத் தட்டி, "சார், பதறாதீங்க. ஆள் வந்தாச்சு" என்றார்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. காதையாவது காப்பாற்றுவோம் என்று நெம்பிப் பிரித்து, அச்சுச் சில்லைக் குழாயில் கழுவினாள். அப்போதுதான் பார்த்தாள். சில்லின் வெளிப்புறத்தில் விழுந்த தண்ணீர் பட்டதும் உள்ளே போய்விட்டது. காது ஒட்டியிருந்த உட்புறத்திலோ துளி துளியாக நின்று வழிந்தது. சோப்பு! மூன்று தடவை தடவிய சோப்புக் கரைசல், பிளாஸ்டருக்குள் ஒரு நகக்கனத்துக்கு ஊறியிருந்தது. கூடத்தில் சோப்புப் பூசிய பல் மாதிரிகளின் மேல் தண்ணீர் இப்படித்தான் நிற்கும். நாளைக்கு நூறு தடவை பார்த்தும் அதை ஒரு விஷயமாக அவள் எண்ணியதில்லை.

சில்லை ஓரத்திலிருந்து சீவிச் சீவிச் சொட்டு விட்டுப் பார்த்தாள். தண்ணீரைக் குடித்தால் இன்னும் செதுக்கலாம். குடிக்காமல் நின்றால் நிறுத்த வேண்டும்.

ஆனால் அச்சு காய்ந்திருந்தால்தான் தண்ணீரைக் குடிக்கும்; பெயர்ந்த சில்லு காய்ந்திருந்தாலும், உருவத்தை ஒட்டியிருந்த அச்சில் இன்னும் ஈரம் இருந்தது. இருந்த அவசரத்திலும் இரண்டு நாள் மின்விசிறியைப் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த இரண்டு நாளும் யார் பேச்சுக் கொடுத்தாலும் வள்ளென்று விழுந்தாள். திங்கட்கிழமை முதலாளியிடம் ஐந்து நாள் லீவு கேட்டாள்.

"பல்லு இல்லாம பத்துப் பேர் காத்திருக்காங்களேம்மா."

"சார், அங்க ஒருத்தருக்கு மூக்கே இன்னும் வரலை."

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். பிறகு, பல் இடுக்குகளைச் சுரண்டும் மெல்லிய கருவிகளில் நாலைந்தை ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தார். "இது உளியைவிடச் சொன்னபடி கேக்கும்."

இடது கையில் தூரிகையும் தண்ணீரும், வலது கையில் கருவி. ஒரு சொட்டு, ஒரு சுரண்டல், மறுபடி ஒரு சொட்டு. செவ்வாய்க்கிழமை நெற்றி வந்தது. புதன்கிழமை முழுவதும் மூக்குக்கும் உதட்டுக்கும் போனது. வியாழக்கிழமை கையில் அவசரப்பட்டு, சுண்டுவிரல் நகத்தில் ஒரு கீறல் போட்டாள். அதை அடைக்கவில்லை, லிஃப்ட் மெக்கானிக்கின் விரலில் கீறல் இல்லாமலா இருக்கும். வெள்ளி மாலை, பையின் கடைசி மடிப்பிலிருந்து அச்சு உதிர்ந்தது. காதை ஒட்டிவிட்டு அங்கேயே தரையில் படுத்துத் தூங்கிப்போனாள்.

காலையில் வேன் வந்தது. நாலு பேர் பிடித்து உருவத்தை வெயிலுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். சத்தம் கேட்டு அண்ணி சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்தவள், வாசற்படியிலேயே நின்றாள். பிறகு இறங்கி வந்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"இது என் செருப்புப் பையா?"

"ஆமாண்ணி."

அண்ணி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "அவ்வளவு நேரமும் இப்படியேவா உக்காந்திருந்தீங்க?"

"சேச்சே. நடுவுல ரெண்டு தடவை டீ குடிக்கப் போனேன்."

"போகலை" என்றாள், அன்று எதிர்ப் பெஞ்சில் இருந்தவள்.

அண்ணன் தரையைப் பார்த்தார்.

"பழைய செருப்பை யார் தூக்கிட்டுப் போகப்போறான்னு இவ்வளவு இறுக்கிப் பிடிச்சீங்க?"

"திரும்பி வரும்போது உனக்கு வேணுமில்ல."

அண்ணி, பையைப் பிடித்திருந்த அந்த வெள்ளைக் கைகளின் மேல் தன் ஈரக்கையை வைத்தாள்.

"ஏத்திடலாமாம்மா?" என்று வேன்காரர் சிற்பியைக் கேட்டார்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் அவள். வேன்காரர் இன்ஜினை அணைத்தார்.