முனிக்குப் போட்ட பந்துகள்

முத்துக்கறுப்பன் பார்த்த வேலையை அவன் பிறந்த புதுக்கோட்டைச் சீமையில் போய்ச் சொன்னால் கைகொட்டிச் சிரித்திருப்பார்கள். பதுளையிலிருந்து பசறைக்குப் போகிற வழியில், ஏழாம் மைல்கட்டைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில், துரைமார் அடிக்கிற பந்து எங்கே போய் விழுகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பதுதான் அவன் வேலை. மற்றவர்கள் கொழுந்து பறித்தார்கள், வளர்ந்த செடியைக் கவ்வாத்து வெட்டினார்கள், மழைநீர் ஓடக் கான் தோண்டினார்கள். இவன் கையில் சிவப்புத் துணியோடு மேட்டில் நின்று வானத்தைப் பார்த்தான்.

முன்பு அவனும் கவ்வாத்துக் கத்தி பிடித்தவன்தான். ஒரு மழைநாளில் சறுக்கி விழுந்து முழங்கால் சில்லு பிசகியது. அதன்பிறகு மலை ஏற முடியவில்லை. வேலைக்கு உதவாத ஆள் என்று துண்டு கொடுத்து அனுப்பாமல், அவனுக்குக் கண் கூர்மை என்று கேள்விப்பட்ட பெரிய துரை அவனைப் பந்துக்காவலுக்குப் போட்டார். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் துரைக்கு இல்லை. "ஏய், பந்து!" என்பார். முப்பத்தெட்டு வயது மனுஷன் "துரைகளே!" என்று நொண்டிக்கொண்டு ஓடுவான்.

துரைமார் அந்த விளையாட்டைக் கோல்ப் என்றார்கள். லயங்களில் குடியிருந்த கூலி ஜனங்கள் குழிப்பந்து என்றார்கள். புதன்கிழமையும் சனிக்கிழமையும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பசறையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் துரைமார் குதிரையில் வந்து சேருவார்கள். புல்வெளியில் ஒன்பது குழி. ஒரு வெள்ளைப் பந்தைத் தட்டித் தட்டி அந்த ஒன்பது குழியிலும் விழவைக்க மூன்று மணி நேரம் நடப்பார்கள், வைவார்கள், கையை விரிப்பார்கள். பிறகு மரத்தடியில் உட்கார்ந்து விஸ்கி குடித்துவிட்டு மறுபடி முதலாம் குழிக்கே போவார்கள். கொழுந்துக்காரி கொஞ்சம் நிமிர்ந்து நின்றால் சம்பளத்தில் பாதியைப் பிடித்து அரைப்பேர் போடுகிறவர்கள் இவர்களேதான்.

புல்வெளிக்குக் கீழே பத்தாம் நம்பர் மலை. பெரிய துரை எந்தப் பக்கம் பார்த்து அடித்தாலும் பந்து அந்த மலைத் தேயிலைக்குள்தான் போகும். முதல் வருஷத்திலேயே ஒரு பந்து பெரியாயியின் காதை உரசிக்கொண்டு போய் அவள் முதுகுக் கூடைக்குள் விழுந்தது. பெரியாயி நாற்பது வயதுக் கொழுந்துக்காரி, யாருக்கும் பயப்படாதவள். அன்றைக்கு அவளே கூடையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "முனிதான் கைய நீட்டித் தடுத்தாரு" என்று சொல்லி, மலையோரத்தில் இருந்த முனியாண்டி கல்லடியில் அந்தப் பந்தை வைத்துக் கும்பிட்டாள்.

அதிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. கானிலோ புல்லிலோ கிடக்கிற பந்து துரையுடையது. ஆளைத் தப்பவிட்டு விழுந்த பந்து முனியுடையது. சில பெண்கள் அதை மஞ்சள் துணியில் முடிந்து வேண்டுதலும் வைத்தார்கள். முத்துக்கறுப்பனும் இதற்குச் சம்மதித்திருந்தான். "சாமிக்குப் போட்டத நான் தொடமாட்டேன்" என்று கல்லுக்கு முன்னாலேயே சொன்னவன் அவன்.

இராக்கம்மாவின் பந்தும் அங்கேதான் இருந்தது. அவள் சின்ன வயதிலேயே தாலியறுத்தவள். ஒரே மகள் கனகம். கைப்பிள்ளையாக இருந்த கனகத்தை மலையில் மரக்கிளையில் தூளி கட்டிப் போட்டிருந்தபோது, தூளிக்கு ஒரு சாண் தள்ளி ஒரு பந்து விழுந்தது. இராக்கம்மா அதை மஞ்சளில் தோய்த்துத் துணியில் முடிந்து கல்லடியில் வைத்தாள். "என் பிள்ளைய ஒன்கிட்டக் குடுத்துட்டேன். இனி நீதான் பாத்துக்கணும்" என்றாள். பெரியாயியும் தன் மகன் சின்னராசாவுக்காக அப்படியே வேண்டிக்கொண்டவள்தான்.

இப்படி நாலைந்து வருஷம் போயிற்று. பிறகு வெள்ளைக்காரச் சீமையில் பெரிய சண்டை மூண்டது. அது வருஷக்கணக்கில் இழுத்ததில் கப்பல் சரியாக வரவில்லை, பந்தும் வரவில்லை. பெரிய துரையின் துரைசாணி ஓர் ஏற்பாடு செய்தாள். காணாமற்போன பந்துகளையெல்லாம் தேடிச் சேர்த்து, கழுவி, வெள்ளை வர்ணம் பூசி, பதுளையில் துரைமார் கூடுகிற இடத்தில் விற்று, அந்தப் பணத்தைக் காயம்பட்ட சிப்பாய்களுக்கு அனுப்புவது என்று. அதிகம் பந்து கொண்டு வருகிறவனுக்குத் துரையின் பழைய கறுப்புக் கோட்டு.

கோட்டு என்றால் சும்மா இல்லை. தோட்டத்தில் பெரிய கங்காணிதான் கோட்டுப் போடுவார். நொண்டி என்று பேர் வாங்கிவிட்ட மனுஷனுக்கு அந்தக் கோட்டின் மேல் எவ்வளவு ஆசை இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முத்துக்கறுப்பன் பத்து நாள் கானெல்லாம் துழாவி இருபத்திரண்டு பந்து பொறுக்கிக்கொண்டு போய் நின்றான்.

துரைசாணி எண்ணிப் பார்த்தாள். "இவ்வளவுதானா, கறுப்பன்?" என்றாள்.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்! பாதிப் பெயர்தான், ஆனாலும் பெயர். அவள் முகம் வாடியதை அவனால் தாங்க முடியவில்லை. "இன்னும் இருக்குங்க, நாளைக்குக் கொண்டாறேங்க" என்று அவன் வாய் சொல்லிவிட்டது.

மறுநாள் மத்தியானம், பெண்களெல்லாம் கொழுந்து நிறுக்க மடுவத்துக்குப் போயிருந்த நேரத்தில், கல்லடியில் இருந்த நாற்பத்தொரு பந்தையும் சாக்கில் அள்ளினான். முடிச்சுகளை அவிழ்த்துத் துணிகளைக் கானில் புதைத்தான். ஓடையில் வைத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவியபோது, மஞ்சள் தோய்ந்த பந்துகள் அவன் கையிலேயே சிவந்துபோயின. மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் சிவக்கும் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன? தெரியும். தெரிந்தும் ஒருமுறை கல் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். மணலைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து ஒருவழியாக மங்கவைத்தான். மிச்சத்தைத் துரைசாணியின் வெள்ளை வர்ணம் மறைத்துவிட்டது.

கோட்டு கிடைத்தது. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் துரைசாணி அதைக் கொடுத்தாள். காணாமற்போனதைத் தேடித் தேடித் தானமாகக் கொடுத்த நல்லவன் என்று துரை இரண்டு வார்த்தை சொன்னார். ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள்.

அதற்குள் பத்தாம் நம்பர் மலையில் கல்லடி வெறுமையாகக் கிடப்பதைப் பெண்கள் பார்த்துவிட்டார்கள். தன்னைப் பிடித்து உலுக்கப்போகிறார்கள் என்று முத்துக்கறுப்பன் பயந்து செத்தான். நடந்ததோ வேறு. ஒருத்திகூட அவனைச் சந்தேகிக்கவில்லை. சாமிக்குப் போட்டதைத் தொடமாட்டேன் என்று சொன்ன ஆள் அல்லவா! பெரியாயிதான் முதலில் குலவையிட்டாள். "முனி ஏத்துக்கிட்டாருடி! அத்தனையையும் எடுத்துக்கிட்டாரு!" என்றாள். தேங்காய் உடைத்தார்கள், பொங்கல் வைத்தார்கள். இராக்கம்மா முதல் உருண்டையை இவன் கையில் கொண்டுவந்து வைத்தாள்.

"கனகத்துக்கு இனிப் பயமில்லண்ணே" என்றாள்.

அவன் அதைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அடி விழுந்திருக்கும், கோட்டு போயிருக்கும், அவ்வளவுதான். சொல்லவில்லை. அவர்கள் சந்தோஷத்தை ஏன் கெடுக்கவேண்டும் என்று தனக்குத்தானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டான். உண்மையைச் சொல்வதானால், அவனுக்குக் கோட்டைக் கழற்ற மனசில்லை.

மறுவருஷ ஐப்பசியில் அந்த விஷக்காய்ச்சல் வந்தது. கடற்கரைப் பட்டணங்களில் தொடங்கி ரயிலேறி மலைக்கு வந்து, லயம் லயமாகப் புகுந்தது. இளவட்டங்களைத்தான் முதலில் சாய்த்தது. இராக்கம்மாவின் கனகம் ஆறு வயதுப் பிள்ளை, அவளையும் அது விடவில்லை. மூன்றாம் நாள் அவளுக்கு மூச்சு இழுத்தது. தோட்டத்து மருந்து ஐயா வந்து நெஞ்சில் காது வைத்துப் பார்த்தார்.

"சளி நெஞ்சுல இறங்கிருச்சு. இங்க வச்சிருந்தா தாங்காது. உடனே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ" என்றார்.

இராக்கம்மா தலையை ஆட்டிவிட்டாள். "ஆஸ்பத்திரி வேணாங்க. பிள்ளைய முனிகிட்டக் குடுத்தாச்சு. அவரும் ஏத்துக்கிட்டாரு. இப்ப நான் வேற எடத்துக்குத் தூக்கிட்டு ஓடுனா, அவர நம்பலன்னு ஆயிராதா?"

மருந்து ஐயா கத்திப் பார்த்தார். கங்காணி அதட்டிப் பார்த்தார். அவள் அசையவில்லை. விபூதியைக் குழைத்துப் பிள்ளையின் நெஞ்சில் பூசிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

முத்துக்கறுப்பன் லயத்து வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவளை அசைக்கக்கூடிய வார்த்தை ஒன்றே ஒன்றுதான். அது அவன் வாயில் இருந்தது. அதைச் சொல்லாமல் தன் காம்பராவுக்குப் போய்ப் படுத்தான். ஆம், போய்ப் படுத்தான். சுவரில் தொங்கிய கோட்டைப் பார்த்துக்கொண்டு, நான் ஒரு பாவி, நான் ஒரு பாவி என்று முனகிக்கொண்டே கிடந்தான். முனகினால் பிள்ளைக்கு மூச்சு வந்துவிடுமா? விடிந்தபிறகுதான் எழுந்து, குளிருக்கு அந்தக் கோட்டையே மாட்டிக்கொண்டு போனான்.

"இராக்கம்மா, முனி எடுக்கல. நான்தான் எடுத்தேன்" என்றான்.

அவளுக்குப் புரியவில்லை.

"ஒன் பந்த நான்தான் எடுத்தேன். எல்லாத்தையும் நான்தான் அள்ளித் துரைசாணிகிட்டக் குடுத்தேன், இந்தக் கோட்டுக்காக. முனி ஒன் பிள்ளைய ஏத்துக்கல, தங்கச்சி. ஆஸ்பத்திரிக்குப் போவோம். தூக்கு."

அவள் அவனை அடிக்கவில்லை, வையவில்லை. அவன் மேலிருந்த கோட்டை வெடுக்கென்று உருவி, பிள்ளையை அதில் சுற்றித் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

கடைசிக் காம்பரா பெரியாயியுடையது. கதவு திறந்திருந்தது. சின்னராசா, இருபது வயதுப் பையன், போன வாரம் வரைக்கும் கவ்வாத்து வெட்டியவன், சாக்கில் கிடந்து அனத்திக்கொண்டிருந்தான். பெரியாயி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"எங்கடி போறீங்க ரெண்டு பேரும்? முனிய விட்டுட்டா?" என்று கேட்டாள்.

இராக்கம்மா நிற்கவில்லை. அவள் காதில் அது விழவே இல்லை. முத்துக்கறுப்பன் நின்றான். சொல்லவேண்டியது மூன்றே வார்த்தை. ஆனால் அந்த நேரத்தில் வரிசை முழுக்க ஆட்கள் வெளியே நின்றார்கள். இராக்கம்மாவிடம் சொன்னது நாலு சுவருக்குள். இங்கே சொன்னால் தோட்டம் முழுக்கச் சொன்ன மாதிரி. பிள்ளையைச் சேர்த்துவிட்டுத் திரும்பி வந்து, தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

"இந்தா வந்துர்றோங்க்கா" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

ஏழு மைலும் பிள்ளையை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். பதுளை ஆஸ்பத்திரியில் இடமில்லை, விறாந்தையில்தான் படுக்கவைத்தார்கள். மூன்று நாள் ஆவி பிடிக்கவைத்தார்கள், மருந்து கொடுத்தார்கள். தண்ணீர் தூக்கவும், கஞ்சி வாங்கி வரவும் என்று முத்துக்கறுப்பன் ஓடிக்கொண்டே இருந்தான். நாலாம் நாள் காலையில் கனகத்துக்கு வேர்த்து, உடம்பு குளிர்ந்தது. கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டாள்.

இராக்கம்மா அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அவளுக்கு மற்றதெல்லாம் ஞாபகம் வந்தது.

"அண்ணே, பெரியாயி அக்காகிட்டயும் சொல்லிட்டுத்தானே வந்தீங்க?"

முத்துக்கறுப்பன் கையிலிருந்த கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தான்.

"அவங்க மகனும் படுத்திருந்தானே! அவங்களும் முனி ஏத்துக்கிட்டாருன்னுதானே உக்காந்திருக்காங்க? ஐயோ, சொல்லலியா?"

அவன் எழுந்தான். அந்த ஏழு மைலை அவன் நடந்தானா, விழுந்து விழுந்து எழுந்தானா என்று அவனுக்கே தெரியாது. தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சின்னராசாவை அன்று காலையில்தான் புதைத்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் மட்டும் பிழைத்திருப்பானா என்று கேட்கலாம். அங்கேயும் தினம் பத்துப் பேர் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். முத்துக்கறுப்பனும் பின்னாளில் இதைத் தனக்குள் ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்தான். ஒரு தடவைகூட அது அவனுக்கு உதவவில்லை.

பெரியாயி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டதும் அவள் கேட்டது வேறொன்றுமில்லை. "கனகம் பொழச்சிருச்சா தம்பி?"

"பொழச்சிருச்சுக்கா."

"நல்லாருக்கட்டும். இராக்கம்மா மனசு சுத்தம்" என்றாள். "ரெண்டு பேரு பந்தையும்தான் முனி எடுத்துக்கிட்டாரு. அவ பிள்ளையத் திருப்பிக் குடுத்தாரு. நான் என்ன கொற வச்சேன்னுதான் தெரியல தம்பி. அதத்தான் நெனச்சு நெனச்சுப் பாக்குறேன்."

சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். அவன் வாயைத் திறந்தான். "அக்கா, நான்..." என்றான். அதற்குள் அழுதுவிட்டான். அவன் அழுவதைப் பார்த்த பெரியாயி அவன் தோளைத் தட்டி, "நீ என்ன செய்வ, உக்காரு" என்றாள்.

பெரியாயி அந்த இல்லாத குற்றத்துக்காக வெள்ளிக்கிழமைதோறும் பட்டினி கிடக்க ஆரம்பித்தாள். இராக்கம்மாவுக்கு எல்லாம் தெரியும். ஆனால் தன் பிள்ளையைத் தூக்கி வந்தவனை எப்படிக் காட்டிக்கொடுப்பது? அவளும் வாயை மூடிக்கொண்டாள். முத்துக்கறுப்பன் அதே மேட்டில், அதே சிவப்புத் துணியோடு நின்றான். வெள்ளிக்கிழமைகளில் அவனும் சாப்பிடவில்லை. யாரிடமும் சொல்லிக்கொண்டு செய்யவில்லை.

மூன்று வருஷம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் பட்டினி கிடப்பது பெரியாயிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. இராக்கம்மாவையும் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு வந்தாள். சூடான ரொட்டியும் சம்பலும் கொண்டு வந்திருந்தாள்.

"என் மகனுக்காகவா தம்பி நீ பட்டினி கெடக்குற?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. "கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான். பெத்தவ செஞ்ச தப்புக்கு நீ ஏன் வயித்தக் காயப்போடணும்? இந்தா, என் கையால சாப்புடு."

முத்துக்கறுப்பன் இராக்கம்மாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியாயி ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தோய்த்து அவன் வாய்க்கு நேரே நீட்டினாள். அவன் சாப்பிட்டான். அவள் ஊட்ட ஊட்ட, கடைசித் துண்டு வரைக்கும் சாப்பிட்டான்.